சாக்கு, எவர்சில்வர் டிரம், பிளாஸ்டிக் டிரம், ஃபாயில் பை: நீலகிரி ஈரத்துக்கு எது தாங்கும்?

2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. மண்சரிவில் சாலைகள் அடைபட்டன, மலை ரயில் பாதை பெயர்ந்தது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 செ.மீ. ஆனி, ஆடியில் கூடலூர், பந்தலூர் பக்கம் அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரி பக்கம் அடிக்கும். அதனால் இங்கே 15 நாள் சாப்பாட்டுக்குக் கையிருப்பு வைப்பது அதிகப்படியான எச்சரிக்கை அல்ல. ஆனால் அதை எப்படி வைப்பது என்று தேடினால் கிடைக்கும் யோசனைகளில் பாதி சமவெளிக்கு எழுதியவை. அங்கே முதல் எதிரி வண்டு. ஊட்டியில் முதல் எதிரி ஈரம்.

அரிசி வண்டு 27 முதல் 31 டிகிரியில் செழிக்கும், ஏறக்குறைய ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை. 15 டிகிரிக்குக் கீழே பெருகாமல் நின்றுவிடும். சாக்கோடு முட்டை வந்தாலும் ஊட்டி வீட்டில் அது பெரும்பாலும் சோம்பிக் கிடக்கும். பூசணத்துக்கோ குளிர் ஒரு பொருட்டல்ல. மூடுபனி மாதங்களில் காற்றின் ஈரப்பதம் 85, 90 சதவீதத்தில் நிற்கும். திறந்து வைத்த அரிசி அதை உறிஞ்சி 16 சதவீத ஈரத்தைத் தாண்டிவிடும். நீண்ட நாள் வைப்புக்கு 13 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கூடலூர் ஆயிரம் மீட்டர் உயரம்தான் என்பதால் அங்கே வண்டும் உண்டு, பூசணமும் உண்டு.

அளவு முதலில். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு தானியம் 400 கிராம், பருப்பு 75, எண்ணெய் 30 மி.லி., சர்க்கரை 30, வேர்க்கடலை 30. கிட்டத்தட்ட 2,200 கலோரி. நான்கு பேருக்கு 15 நாளைக்கு: தானியம் 24 கிலோ, பருப்பு 4½ கிலோ, எண்ணெய் 1.8 லிட்டர், சர்க்கரையும் கடலையும் தலா 1.8 கிலோ, உப்பு ஒரு கிலோ. இது மாதச் செலவுக்கு மேலாகத் தனியே இருக்க வேண்டிய இருப்பு.

வாங்குவதில் இரண்டு வழி. மேட்டுப்பாளையத்தில் மூட்டையாக எடுத்து ஏற்றி வருவது ஒன்று. 25 கிலோ வரையிலான பாக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. வந்த பிறகு அரிசி மூட்டை பல இடங்களில் 26 கிலோவாகிவிட்டது. ஒரு மூட்டையே மேலே சொன்ன கணக்குக்குப் போதும். ஒரு மூட்டைக்காக மட்டும் மலை இறங்கி ஏறினால் மிச்சம் டீசலில் போய்விடும். வேறு வேலையாகப் போகும்போது எடுத்து வருவதுதான் லாபம். உள்ளூர்க் கடையில் மாதம் ஐந்து கிலோவாகக் கூட்டிச் சேர்ப்பது இரண்டாவது வழி. விலை கொஞ்சம் கூடும், அதோடு அந்த அரிசி கடையின் ஈரத்தை ஏற்கெனவே குடித்திருக்கலாம். மார்ச், ஏப்ரலில் வாங்க முடிந்தால் மூட்டைதான் என் சிபாரிசு. ஆடி மாதத்தில் கடையில் வாங்கிய அரிசியை டிரம்மில் அடைப்பது ஈரத்தைப் பத்திரப்படுத்துவதற்குச் சமம்.

அரிசி காய்ந்திருக்கிறதா என்று பார்க்கக் கருவி வேண்டாம். நன்றாக உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு அரிசி, இரண்டு ஸ்பூன் வறுத்து ஆறவைத்த தூள் உப்பு. மூடி ஒரு நிமிடம் குலுக்கி, கால் மணி நேரம் விட வேண்டும். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டால் அடைக்கலாம், ஆனால் 15-க்குக் கீழே என்று மட்டும்தான் இது காட்டும்; 13-க்குள் இருக்கிறது என்று உறுதி சொல்லாது.

இனி பாத்திரங்கள்.

சாக்கு. மலிவு, தூக்க எளிது. சணலானாலும் வெள்ளைச் சாக்கானாலும் காற்றோடு ஈரமும் உள்ளே போகும், எலியும் போகும். தரையிலிருந்து அரை அடி உயரப் பலகை, சுவரிலிருந்து அரை அடி இடைவெளி என்று வைத்தால் வெயில் காலத்தில் இரண்டு மாதம் தாங்கும். மழைக்காலக் கையிருப்புக்கு ஆகாது.

எவர்சில்வர் டிரம். பல வீடுகளில் இருப்பது இதுதான். எலி தொடாது. மூடி மட்டும் சும்மா உட்கார்ந்திருக்கும், காற்று போய்வரும். இன்னொரு சிக்கலும் உண்டு: தகடு இரவில் சீக்கிரம் குளிரும், உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் சுவரோரம் வியர்த்து, ஓரத்து அரிசி கட்டி பிடிக்கும். வெளிச்சுவரை ஒட்டி வைத்தால் நிச்சயம் நடக்கும். அன்றாடம் எடுத்துப் புழங்கும் அரிசிக்கு நல்லது, ஆறு மாத இருப்புக்கு இல்லை.

இரும்பு வளையப் பூட்டுள்ள பிளாஸ்டிக் டிரம். மூடியில் ரப்பர் வளையம், மேலே நெம்பி இறுக்கும் பூட்டு. 50 லிட்டர் டிரம்மில் ஏறக்குறைய 40 கிலோ அரிசி கொள்ளும், ஆகவே 24 கிலோ தானியமும் பருப்பும் ஒன்றிலேயே அடங்கும். பழைய நீல டிரம்தான் மலிவு என்று வாங்கினால் அதில் முன்பு என்ன இருந்தது என்று தெரியாது. ரசாயன வாடை பிளாஸ்டிக்கில் ஊறியிருந்தால் எத்தனை முறை கழுவினாலும் போகாது. உணவுக்கானது என்று குறித்த புதியதே வேண்டும். வீட்டுக்கு வந்ததும் கால்வாசி தண்ணீர் ஊற்றிப் பூட்டி, கவிழ்த்துப் பத்து நிமிடம் வைத்துப் பார்க்க வேண்டும். கசிந்தால் ரப்பர் வளையம் சரியில்லை. உள்ளே நேரடியாகக் கொட்டாமல் ஐந்து ஐந்து கிலோ பைகளாகப் போட்டால், ஒன்றைத் திறக்கும்போது மற்றவை ஈரக் காற்றைப் பார்க்காது.

ஃபாயில் பையும் ஆக்சிஜன் உறிஞ்சியும். வெளிநாட்டுக் குறிப்புகள் எல்லாம் இதைத்தான் புகழும். கணக்கு இப்படி: ஐந்து கிலோ அரிசி ஆறு லிட்டருக்குச் சற்று மேல் இடம் பிடிக்கும், அதில் ஐந்தில் இரண்டு பங்கு மணிகளுக்கு இடையே காற்று. அந்த இரண்டரை லிட்டரில் 500 சி.சி. ஆக்சிஜன். ஆக 300 சி.சி. உறிஞ்சிப் பொட்டலம் இரண்டு போட வேண்டும். வண்டும் முட்டையும் செத்துவிடும், வருடக்கணக்கில் நிற்கும். ஆனால் உறிஞ்சிக்குள் இருப்பது இரும்புத் தூள். அது ஆக்சிஜனை எடுக்கும், ஈரத்தை எடுக்காது. ஈர அரிசியை இதில் அடைத்தால் ஈர அரிசிதான் திரும்பக் கிடைக்கும். பையை எலி கடிக்கும், ஆகவே டிரம்முக்குள்தான் வைக்க வேண்டும். ஊட்டிக்கு இது தேவையில்லாத செலவு. கூடலூருக்கு நல்ல செலவு.

சிலிக்கா ஜெல் போட்டால் ஈர அரிசி காயுமா என்று கேட்பவர்கள் உண்டு. 25 கிலோவில் ஒரு சதவீத ஈரம் குறைக்கவே கால் கிலோ தண்ணீரை வெளியேற்ற வேண்டும்; அதற்கு முக்கால் கிலோ ஜெல் பிடிக்கும். மருந்துப் பாட்டிலில் வரும் குட்டிப் பொட்டலம் நான்கு போட்டு எதுவும் ஆகாது. கிட்டங்கியில் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டு டிரம்மில் போடவே கூடாது. அதிலிருந்து வரும் வாயு ஆளைக் கொல்லும்.

அடைக்கும் நேரமும் முக்கியம். கீழிருந்து வந்த மூட்டை சூடாக இருக்கும். அன்றே அடைத்தால் இரவில் டிரம் உட்சுவர் வியர்க்கும். ஒரு நாள் அறையில் ஆறவிட்டு, மறுநாள் வெயில் ஏறிய நண்பகலில், மூடுபனி இல்லாதபோது அடைக்க வேண்டும்.

எந்தத் தானியம் என்பதில் சேமிப்பும் அடுப்பும் எதிரெதிராக இழுக்கும். புழுங்கல் அரிசி மணி இறுகியது, நன்றாக நிற்கும், ஆனால் வேக நேரமாகும். ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கருக்குள்ளும் சமவெளியைவிடச் சூடு நான்கு டிகிரி குறைவுதான். சிலிண்டர் லாரி வராத வாரத்தில் இது சின்ன விஷயமல்ல. பச்சரிசி அரை மணி ஊறவைத்தால் சீக்கிரம் வெந்துவிடும். ராகி முழுத் தானியமாக வருடக்கணக்கில் கெடாது. மாவாக்கினால் அந்த ஆயுள் போய்விடும், மின்சாரம் இல்லாதபோது அரைக்கவும் வழியில்லை. கோதுமை மாவு இரண்டு மூன்று மாதத்தில் காறல் வாடை அடிக்கும். அவல் அடுப்பே கேட்காது, ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். 24 கிலோவை இப்படிப் பிரிப்பேன்: பச்சரிசி 14, புழுங்கல் 5, ரவை 3, அவல் 2.

பருப்பில் பாசிப்பருப்பே முதல். துவரை அடுத்தது. ராஜ்மாவும் கொண்டைக்கடலையும் இங்கே வேக எடுக்கும் கேஸைப் பார்த்தால் இந்த இருப்பில் இடமில்லை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்து கல்லாகும். கெடாது, ஆனால் குறுகிய கழுத்துப் பாட்டிலில் இருந்தால் எடுக்க முடியாது. கடலை எண்ணெய் போதும். வெல்லம் ஈரத்தில் கசிந்து ஒழுகும், சர்க்கரை வையுங்கள்.

பந்தலூர்ப் பக்கம் யானை அரிசி வாடைக்குச் சுவரை இடிக்கும், கோத்தகிரிப் பக்கம் கரடி எண்ணெய்க்குக் கதவைப் பெயர்க்கும். இறுகப் பூட்டிய டிரம் வாடையைக் குறைக்கும், முழுக்கத் தடுக்காது. வெளிச்சுவர் ஒட்டிய அறையில் வைக்காமல் நடு அறையில் வைப்பது நல்லது.

மழைக்கு முன் சிலிண்டரையும் நிறுத்துப் பாருங்கள். மேலே பிடிப் பட்டையில் காலி எடை பொறித்திருக்கும்; மொத்த எடையில் அதைக் கழித்தால் எத்தனை கிலோ கேஸ் மிச்சம் என்று தெரிந்துவிடும்.