ஷன்டா, சீரிஸா? வேலூர் வெயிலுக்கு எந்த ரெகுலேட்டர்

மூன்று ஆண்டில் இரண்டு ரெகுலேட்டர் (பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி), ஒரு ஸ்டேட்டர் காயில் (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாகும் சுருள்). என் 400 சிசி வண்டியில் மாற்றியவை இவ்வளவு. இரண்டாவது ரெகுலேட்டர் போனது மாதனூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவில், இரவு ஒன்பதரைக்கு. வாணியம்பாடியில் வேலை முடிந்து சத்துவாச்சாரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். முதலில் ஹெட்லைட் மங்கியது. அப்புறம் மீட்டர் விட்டுவிட்டு எரிந்தது, பிறகு எஞ்சினே நின்றுவிட்டது. எஃப்.ஐ. வண்டி (கார்புரேட்டர் இல்லாமல், மின்சாரத்தால் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை) என்பதால் பேட்டரி இறங்கிவிட்டால் பெட்ரோல் பம்ப் ஓடாது, தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது. பக்கத்தில் லாரிகள் பறக்க, விளக்கில்லாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போன அந்த அரை மணி நேரத்துக்குப் பிறகுதான் ஷன்ட் வகையை விட்டு சீரிஸ் வகைக்கு மாறினேன்.

இரண்டும் செய்யும் வேலை ஒன்றே. காயிலிலிருந்து மூன்று வயரில் வரும் ஏ.சி.யை டி.சி.யாக்கி, 14 முதல் 14.5 வோல்ட்டுக்குள் நிறுத்த வேண்டும். மிஞ்சும் மின்சாரத்தை என்ன செய்கிறது என்பதில்தான் வித்தியாசம். தொட்டி நிறைந்த பிறகும் மோட்டாரை ஓடவிட்டு, தண்ணீரை வழியவிடுவது ஷன்ட். மோட்டாரை நிறுத்துவது சீரிஸ். ஷன்ட் யூனிட், பேட்டரிக்குப் போதும் என்றதும் காயிலின் வயர்களை ஒன்றோடொன்று ஷார்ட் செய்துவிடும். சீரிஸ் யூனிட் காயிலோடு உள்ள இணைப்பைத் துண்டித்துவிடும்.

கடையில் மலிவாகக் கிடைக்கும் லோக்கல் யூனிட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அவசரத்துக்கு ஒன்று போட்டேன். 5000 ஆர்.பி.எம்.மில் 15.3 வோல்ட் காட்டியது, அன்றே கழற்றிவிட்டேன். அந்த அளவு தொடர்ந்தால் மெயின்டனன்ஸ்-ஃப்ரீ பேட்டரி உப்பிவிடும்.

விலையைவிட, உத்தரவாதத்தைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது காயிலின் சூடு. ரெகுலேட்டர் போனால் நான்கு போல்ட், வயர்களை இணைக்கும் இரண்டு கப்ளர், அரை மணி நேர வேலை. காயில் போனால் ஆயிலை இறக்கி, மேக்னட் கவரைத் திறந்து, புது கேஸ்கெட் போட வேண்டும். காயில் கடையில் இருந்தால்தான் அதுவும் ஒரு நாளில் முடியும். எனக்கு ஐந்து நாள் ஆனது. முதல் முறை ரெகுலேட்டர் போனபோதே மெக்கானிக் சொன்னார்: "இத மட்டும் மாத்தாதீங்கண்ணா, காயிலையும் ஒரு வாட்டி பாத்துடலாம்." நான் கேட்கவில்லை. பிறகு திறந்தபோது சுற்றுகளில் பாதி கருகியிருந்தன.

ஷன்ட் யூனிட்டில், நீங்கள் விளக்கைப் போட்டாலும் போடாவிட்டாலும், வண்டி ஓடும் நேரமெல்லாம் காயிலில் முழு மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். இது தெரியாமல் சுமை குறையட்டும் என்று ஹெட்லைட்டை எல்.இ.டி.யாக மாற்றியிருந்தேன். காயிலுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. மிச்சமான மின்சாரமும் ரெகுலேட்டருக்குள்ளேயே சுற்றி அதைத்தான் கூடுதலாகச் சுட்டது. சீரிஸில் அப்படியில்லை. வண்டிக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் காயிலிலிருந்து இழுக்கும், எல்.இ.டி. போட்டதன் பலன் காயிலுக்கும் போய்ச் சேரும். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் முதல், இரண்டாம் கியரில் ஏறும்போது இந்த வித்தியாசம் சின்னதல்ல. சீரிஸ் போட்டு ஓராண்டு கழித்து வேறொரு வேலைக்காகக் கவரைத் திறந்தோம். புதுக் காயிலின் வார்னிஷ் நிறம் மாறாமல் இருந்தது.

வீட்டிலேயே கட்டும் சிறு விமானங்களில் பரவலாக இருக்கும் ரோட்டாக்ஸ் 912 எஞ்சினிலும் இதே குடும்ப அமைப்புதான்: காந்தம் சுற்றுகிறது, காயிலில் மின்சாரம் வருகிறது, வெளியே தனி ரெகுலேட்டர். அந்த ரெகுலேட்டரின் சூடு 80 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது எஞ்சின் தயாரிப்பாளர் வைத்த வரம்பு. அதனால் விமானம் கட்டுபவர்கள் அதைச் சூடான இடத்திலிருந்து விலக்கி, குழாய் வைத்துக் காற்றைத் திருப்பிவிடுகிறார்கள். வோல்டேஜ் எகிறினால் துண்டித்துவிடும் ரிலேயும் சிலர் வைக்கிறார்கள். கார்புரேட்டர் வைத்த 912-இல் இக்னிஷனுக்குத் தனிக் காயில் உண்டு, ரெகுலேட்டர் போனாலும் எஞ்சின் நிற்காது. நம் எஃப்.ஐ. வண்டிகளுக்கு அந்த வசதி இல்லை. ஆனால் காற்றுப் படும் இடத்தில் மாட்டும் யோசனையை அவர்களிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன்.

நான் போட்டது ஜப்பானின் ஷிண்டென்கென் எஸ்.எச். 775. 35 ஆம்பியர் வரை தாங்கும், என் வண்டிக்குத் தாராளம். அதே நிறுவனத்தின் எஃப்.எச். 020 மாஸ்ஃபெட் (ஒருவகை எலக்ட்ரானிக் சுவிட்ச்) வகை, 50 ஆம்பியர். அது குறைவாகச் சூடாகும், ஆனாலும் அதுவும் ஷன்ட்தான். மாஸ்ஃபெட் என்றாலே சீரிஸ் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள்.

சீரிஸில் சிக்கலே இல்லை என்று சொல்ல மாட்டேன். விலை, கம்பெனி யூனிட்டைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. கப்ளர் பொருந்தவில்லை; புது கப்ளர் வாங்கி, டெர்மினல்களை கிரிம்ப் செய்து, பேட்டரிக்குத் தனி வயரும் 30 ஆம்பியர் ஃபியூஸும் போட்டோம். இணைப்பைத் துண்டிக்கும் நேரத்தில் காயிலில் வோல்டேஜ் உயரும் என்பதால், ஏற்கெனவே கருகத் தொடங்கிய பழைய காயிலோடு இதைச் சேர்க்க எனக்குத் துணிவில்லை. நான் புதுக் காயிலோடுதான் போட்டேன், பார்த்ததும் இரண்டு வெயில்காலம்தான். லித்தியம் பேட்டரியோடு ஓட்டியதில்லை.

வண்டி வாரன்டியில் இருந்தால், அல்லது காட்பாடிக்கும் ஊருக்கும் நடுவில் மட்டுமே ஓடினால் ஷன்ட்டே போதும். ஆனால் கம்பெனி மாட்டிய இடத்தில் காற்றுப் படுகிறதா என்று பாருங்கள். சீட்டுக்கு அடியில் இருந்த என்னுடையதை முன்பக்கம், ஃபிரேமின் டவுன்டியூபுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

எதைப் போட்டாலும் மாதம் ஒரு முறை மல்டிமீட்டர் வைத்துவிடுங்கள். எஞ்சின் ஓடாதபோது 12.6 வோல்ட்டுக்கு மேல், 5000 ஆர்.பி.எம்.மில் 14 முதல் 14.5. அப்படியே காயில் கப்ளரைக் கழற்றி, பின்கள் சூட்டில் பழுப்பேறியிருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். என்னுடைய இரண்டு முறையும் பிளாஸ்டிக் முதலில் அங்கேதான் உருகியிருந்தது.