சோறு வைக்க எது: பிரஷர் குக்கரா, கரண்ட் குக்கரா, தெர்மல் குக்கரா?

எங்கள் வீட்டில் மதியச் சோறு காலை 11 மணிக்குத் தொடங்கி மாலை 5 மணி வரை நடக்கும். மாமிக்கு 11 மணிக்குக் கஞ்சி வேண்டும். வீட்டுக்காரர் கடையைச் சாத்திவிட்டு வர இரண்டோ இரண்டரையோ ஆகும். மூத்தவனின் கல்லூரி பஸ் 4 மணிக்கு மேல்தான். பிளஸ் டூ படிக்கிற மகளுக்கோ காலை 7 மணிக்கே டிபன் பாக்ஸை மூடியாக வேண்டும். லீவு நாள் என்றால் இன்னும் விசேஷம். எல்லாரும் வீட்டில்தான் இருப்பார்கள், ஆனால் போன் யார் கையைவிட்டும் இறங்காது. "இந்தா வாறேன்ம்மா" என்று மாடியிலிருந்து சத்தம் வரும், ஆள் வர முக்கால் மணி நேரம் ஆகும்.

இப்படிப்பட்ட வீட்டுக்குச் சோறு வைக்க எந்தப் பாத்திரம் தோது என்பதுதான் பேச்சு. கடைசியில் நான் போனது தெர்மல் குக்கர் பக்கம், அதாவது கொதித்த பானையைச் சூடு போகாத பெட்டிக்குள் வைத்து வேகவிடுகிற பாத்திரம். அதனால் அதைப் பற்றித்தான் நிறையச் சொல்வேன், மற்ற இரண்டையும் கொஞ்சமாகத்தான் தொடுவேன்.

முதலில் அரிசியைச் சொல்லிவிட வேண்டும். பாத்திரக் கம்பெனிக்காரர்கள் அளவு போட்டுத் தருகிற புத்தகமெல்லாம் மெல்லிய வெள்ளை அரிசியை மனசில் வைத்து எழுதியது. கன்னியாகுமரி மாவட்டத்தில் நாம் சாப்பிடுவது பெரும்பாலும் தடித்த புழுங்கல் அரிசி. கன்னிப்பூ, கும்பப்பூ என்கிற இரண்டு நெல் பருவத்திலும் நம் வயல்களில் விளைகிற அம்பை 16, திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த டி.பி.எஸ். ரகங்கள் எல்லாமே உருண்டு தடித்தவை. மேற்கே போகப் போக சிவப்புச் சம்பா அரிசி. 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர், அடுப்படிப் பழக்கம் கேரள எல்லையான களியக்காவிளைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒன்றுதான். நிறையத் தண்ணீரில் வேகவிட்டு, கஞ்சியை வடித்து எடுத்தால்தான் நமக்குச் சோறு. அளந்து தண்ணீர் ஊற்றி வற்றவைப்பது பிரியாணிக்கு. எனவே எந்தக் குக்கரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, தடித்த அரிசி இதில் வேகுமா, வேகவைத்ததை வடிக்க முடியுமா என்பதுதான்.

பிரஷர் குக்கர் எல்லாருக்கும் தெரிந்தது. உள்ளே ஏறத்தாழ 120 டிகிரி வரை சூடு போவதால் வேகம் அதிகம். அவசரத்துக்கு அதற்கு ஈடு இல்லை. சம்பா அரிசியும் அதில் வேகும். ஆனால் தண்ணீர் நிறைய வைத்தால் கஞ்சி நுரைத்து விசில் வழியே சீறி, அடுப்பு, சுவர், மேலே இருக்கிற அலமாரி எல்லாம் வெள்ளையாக வழியும். தீயைக் குறைத்து, பாதிக்கு மேல் நிரப்பாமல் வைத்தால் இது அடங்கும். அப்படியும் விசிலை எண்ணிக்கொண்டு ஒருத்தி அடுக்களையில் நிற்க வேண்டும். நடுவே கேஸ்கட் இறுகிப்போகும், வெயிட்டின் துளையில் கஞ்சி காய்ந்து அடைத்துக்கொள்ளும். அதையெல்லாம் கழற்றிக் கழுவாமல் விட்டால் ஆபத்தும்கூட. வன்பயறு, இறைச்சி இவற்றுக்கு எங்கள் வீட்டில் இன்றும் அதுதான். சோற்றுக்கு மட்டும் வேண்டாம் என்று ஒதுக்கினேன்.

கரண்ட் குக்கரை நான் சொந்தமாக வைத்துப் புழங்கியதில்லை. நாகர்கோவிலில் தங்கச்சி வீட்டில் பார்த்ததும், அங்கே போகும்போது வைத்துக் கொடுத்ததும்தான் பழக்கம். பச்சரிசிக்கும் பொன்னிக்கும் அருமையான பொருள். சுவிட்சைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போகலாம், வெந்ததும் தானே அணைந்து சூட்டில் வைத்துக்கொள்ளும். கரண்ட் செலவும் பயப்படும்படி இல்லை: 700 வாட் குக்கர் 40 நிமிடம் ஓடினால் அரை யூனிட்டுக்குள் முடிந்துவிடும். தங்கச்சி வீட்டில் ஆள் மூன்று பேர், அரிசி வெள்ளை, வீட்டில் இன்வெர்ட்டரும் உண்டு. அவளுக்கு அது பொருத்தம்.

எனக்குப் பொருந்தாததற்குக் காரணம் இரண்டு. ஒன்று, தடித்த அரிசிக்கு நிறையத் தண்ணீர் ஊற்றினால் அது மூடி வழியாகப் பொங்கி கீழே ஒழுகுகிறது. கரண்ட் ஓடுகிற பொருளில் கஞ்சி வழிவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் தைரியம் இல்லை. இன்னொன்று காற்றும் மழையும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நம் மாவட்டத்துக்கு உண்டு. ரப்பர் மரமும் தென்னையும் கம்பிமேல் சாய்ந்தால் அன்றைக்குக் கரண்ட் அவ்வளவுதான். 2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் அடித்தபோது எத்தனையோ ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. சோற்றுப் பானையைக் கம்பத்தோடு கட்டிப்போட மனசு வரவில்லை.

இனி தெர்மல் குக்கர். கேரளத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத் என்கிற அறிவியல் இயக்கத்துக்காரர்கள் சூடாறாப்பெட்டி என்று வீடு வீடாகப் பரப்பினார்களே, அதே தத்துவம்தான். சூடு வெளியே போகாதபடி கட்டிய ஒரு பெட்டி, அதற்குள் சரியாக உட்கார்கிற ஒரு எவர்சில்வர் பானை. கேஸ்கட் இல்லை, விசில் இல்லை, வயர் இல்லை. அரிசியில் இருக்கிற மாவுச்சத்து வேகத் தொடர்ந்து கொதிக்க வேண்டியதில்லை. 80 டிகிரிக்குள்ளேயே அது இளகிப் பசையாகிவிடும். சூடு மட்டும் இறங்காமல் இருக்க வேண்டும். திறந்த பானையில் நாம் மணிக்கணக்காகக் கேஸை எரிப்பது, காற்றில் போகிற சூட்டை ஈடுகட்டத்தான். அந்தச் சூட்டைப் பெட்டி பிடித்து வைத்துக்கொள்கிறது.

நான் செய்கிற முறை இது. காலை 5 மணிக்கு எழுந்ததும் பானையில் தண்ணீர் வைத்துக் கொதிக்கவிடுவேன். கழுவிய அரிசியைப் போட்டு, மறுபடி தளதளவென்று கொதி வந்தபிறகு 10 நிமிடம் மூடியோடு அடுப்பில் கிடக்கும். பிறகு பானையை அப்படியே தூக்கிப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவேன். அம்பை 16 என்றால் ஒரு மணி நேரத்துக்குள் வடிக்கிற பதம் வந்துவிடும். சிவப்புச் சம்பா அவ்வளவு எளிதில் அடங்காது. அதற்கு ஒரு மணி நேரம் கழித்துப் பானையை எடுத்து, இன்னொரு கொதி கொடுத்து, திரும்பவும் அரை மணி நேரம் பெட்டியில் வைக்க வேண்டும். முந்தின ராத்திரியே அரிசியை ஊறப்போட்டால் இந்த இரண்டாவது கொதி பெரும்பாலும் தேவைப்படாது. நடுவில் "வெந்துச்சா" என்று திறந்து பார்க்கவே கூடாது. ஒரு தடவை திறந்தால் போகிற ஆவியோடு வேக்காடும் போய்விடும்.

அந்த ஒரு மணி நேரத்தில் அடுப்பு முழுக்க எனக்கு. தேங்காய் அரைத்து மீன் கறி கூட்டலாம், தோசை சுடலாம், முற்றம் பெருக்கலாம். எண்ண வேண்டிய விசில் எதுவும் இல்லை.

நான் இதை வாங்கியதற்குக் காரணம் கேஸ் மிச்சம் இல்லை. கேஸ் மிச்சமாவது உண்மைதான், சம்பா அரிசி வைக்கிற வீட்டுக்கு நன்றாகவே தெரியும். உண்மையான காரணம், வடித்த பிறகு நடப்பது. ஆறேமுக்காலுக்குக் கஞ்சியை வடித்து, சோற்றுப் பானையை உடனே பெட்டிக்குள் திருப்பி வைத்துவிட்டால் அது வேறொரு வேலையைத் தொடங்குகிறது. மகளுக்கு டிபன் பாக்ஸில் போட்டது போக மீதி அங்கேயே சூடாகக் கிடக்கும். 11 மணிக்கு மாமி, "மக்களே, சூடு கெடக்கா?" என்று கேட்டால், வடித்து வைத்த கஞ்சித்தண்ணியைக் கொதிக்கவைத்து அதில் இரண்டு கரண்டி சோற்றை இட்டு, சிறுபயறும் துவையலும் வைத்துக் கொடுக்கலாம். மதியம் வீட்டுக்காரர் வருகிறபோது பெட்டியைத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும். யாருக்காகவும் சோற்றை மறுபடி சூடாக்கும் வேலை இல்லை.

முன்பு எங்கள் அம்மா வீட்டில் எல்லாரும் ஒன்றாகப் பாயில் உட்கார்ந்தோம், ஒரு நேரத்தில் எழுந்தோம். சோறு ஆறுவதற்குள் தின்று முடித்தாயிற்று. இப்போது டியூஷன் ஒருவருக்கு ஒரு நேரம், வேலை இன்னொருவருக்கு இன்னொரு நேரம், நடுவில் போன். இதற்காகப் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டே இருக்க எனக்கு விருப்பமில்லை. அவரவர் நேரம் அப்படி அமைந்துவிட்டது. ஆனால் யார் எப்போது வந்து தட்டை எடுத்தாலும் சோறு சூடாக இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆறின சோற்றைப் பிசைந்து தின்னுகிற பிள்ளை பாதியில் எழுந்துவிடும். சூடாக இருந்தால் இன்னொரு கரண்டி கேட்கும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு மட்டும் போன் எல்லாம் ஹாலில், ஆட்கள் எல்லாம் அடுக்களையில் என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். பகலில் அந்தக் கட்டாயம் இல்லாமல் நான் நிம்மதியாக இருப்பது இந்தப் பெட்டியால்தான்.

இங்கே ஒரு கண்டிப்பு உண்டு. சோறு சூடாக இருக்கும் வரைதான் அது பெட்டியில் இருக்கலாம். அரிசியில் பாசில்லஸ் சீரியஸ் என்கிற கிருமியின் விதைகள் கொதியையும் தாங்கிக்கொள்ளும். சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கி வெதுவெதுப்பில் நெடுநேரம் கிடந்தால் அது பெருகி வயிற்றைக் கெடுக்கும். பானையில் கை வைத்தால் சுட வேண்டும். வெதுவெதுப்பாகத் தெரிந்தால் அந்தச் சோற்றுக்குப் பெட்டியில் இடமில்லை. எங்கள் வீட்டில் 2 மணிச் சாப்பாடு முடிந்ததும் பெட்டியின் வேலை முடிந்தது. மூத்தவனுக்கான பங்கு அப்போதே பிரிட்ஜுக்குப் போய்விடும், அவன் பஸ் இறங்குகிற நேரத்துக்கு அதை ஆவியில் வைத்து எடுப்பேன். எல்லாருக்கும் முந்திப் போய் எல்லாருக்கும் பிந்தி வருகிறவன் அவன், அந்தக் கூடுதல் வேலை எனக்குப் பாரமில்லை. கஞ்சியை வடிக்காமல் காலையிலிருந்து மதியம் வரை பெட்டியிலேயே விட்டுவிடுகிற வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அப்படி விட்டால் சோறு குழைந்து பசையாகிவிடும், கறி ஊற்றினால் உதிராது. வடித்துவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

பராமரிப்பு என்று பார்த்தால் தேய்ந்துபோக அதில் ஒன்றும் இல்லை. ஈரம்தான் எதிரி. சோற்று ஆவி பெட்டியின் உள்சுவரில் தண்ணீராக நிற்கும். பானையைக் கழுவுவது போலப் பெட்டியையும் குழாயடியில் கொண்டுபோய் வைத்துக் கழுவக் கூடாது. பொருத்தின ஓரம் வழியே தண்ணீர் உள்ளே இறங்கினால் சூடு பிடிக்கிற தன்மை போய்விடும். ஈரத் துணியால் துடைத்து, மூடியைத் திறந்து கவிழ்த்துக் காயவிட வேண்டும். ஆடி மழையிலும் ஐப்பசி மழையிலும் இதைத் தவறவிட்டால் ஒரு புளித்த வாடை வந்து உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் எளிதில் போகாது. பத்து, பதினைந்து வருஷம் உழைக்குமா என்று கேட்டால், என்னுடையது இன்னும் அந்த வயதுக்கு வரவில்லை. மார்த்தாண்டத்தில் அத்தான் வீட்டில் வெகுகாலமாகக் கிடப்பது இன்னும் நன்றாகச் சூடு பிடிக்கிறது, பானையின் கைப்பிடி மட்டும் ஆடுகிறது.

இரண்டே பேர் இருக்கிற வீட்டுக்கு இதை நான் சொல்ல மாட்டேன். பெட்டி கொள்கிற அளவில் பாதியாவது நிரம்ப வேண்டும். ஒரு கிலோ பானையில் ஒரு டம்ளர் அரிசி போட்டால், உள்ளே இருக்கிற சூடு குறைவு, காலி இடம் அதிகம். சீக்கிரம் ஆறும், அரிசி நடுவில் கடுக்கென்று நிற்கும். அவர்களுக்குச் சின்ன பிரஷர் குக்கர் போதும். வெள்ளை அரிசி மட்டும் வாங்குகிற, கரண்ட் போகாத டவுன் வீட்டுக்கு என் தங்கச்சி வழியே நல்லது. நான்கைந்து பேர், தடித்த அரிசி, ஆளுக்கொரு நேரம் என்றால் யோசிக்காமல் தெர்மல் குக்கர் வாங்கலாம். அந்தக் கணக்குக்கு ஒரு கிலோ அளவு போதும். விருந்தாட்கள் அடிக்கடி வருகிற வீடானால் ஒன்றரை.

வாங்கும்போது கடையில் பெட்டியைத் திறந்து பானையை நீங்களே உள்ளே இறக்கிப் பாருங்கள். சுற்றிலும் விரல் நுழைகிற இடைவெளி இருந்தால் வேறு எடுக்கச் சொல்லுங்கள். பெட்டி மூடி ஆடாமல் இறுகி உட்கார வேண்டும். கஞ்சி வடிக்கிற தட்டு கூடவே வருகிறதா என்றும் கேளுங்கள்; சிலவற்றில் தனியாகத்தான் வாங்க வேண்டியிருக்கும். பானையின் கைப்பிடி இரண்டும் அகலமாக, துணி சுற்றிப் பிடிக்கத் தோதாக இருக்கட்டும். நிறையக் கஞ்சியோடு கொதிக்கிற பானையைக் காலையில் தூக்கி வைக்கப்போவது நீங்கள்தான்.