இஸ்ரேல் மியூசியம், எருசலேம்: தோப்பு என்று படித்தது தோப்பு இல்லையாம்

பரிசுத்த நாடு டூர் போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பணம் கட்டும் முன் அட்டவணையில் இஸ்ரேல் மியூசியம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுடையதில் இல்லை. பெத்லகேமில் ஒரு ஒலிவமரப் பொம்மைக் கடையில் மட்டும் ஒன்றரை மணி நேரம் நிறுத்தினார்கள் (டூர்காரருக்கும் கடைக்காரருக்கும் என்ன கணக்கோ, பெயரெல்லாம் வேண்டாம், விடுங்கள்). கடைசி நாள் "ஃப்ரீ டைம்" என்று விட்டதும் மற்றவர்கள் பேரீச்சம்பழமும் சவக்கடல் சோப்பும் வாங்கப் போனார்கள், நான் டாக்சி பிடித்து இங்கே வந்துவிட்டேன். மூன்றரை மணி நேரம் இருந்தேன். போதவில்லை.

1965இல் திறந்த மியூசியம், பாராளுமன்றத்துக்குப் பக்கத்தில் கிவத் ராம் மேட்டில் இருக்கிறது. எல்லாரும் சவக்கடல் சுருள்கள் (பழைய எபிரெய வேதக் கையெழுத்துச் சுருள்கள்) இருக்கும் வெள்ளைக் கூரை மண்டபத்துக்குத்தான் முதலில் ஓடுகிறார்கள். நான் நேராகத் தொல்லியல் பிரிவுக்குப் போனேன். சொரூபமும் விக்கிரகமும் உண்டாக்காதே என்று பத்துக் கட்டளையைப் படித்து வளர்ந்த ஜனங்களின் மண்ணைத் தோண்டினால் என்ன கிடைத்தது என்று பார்க்க ஆசை. ஞாயிறு பள்ளியில் எங்களுக்குச் சொன்னது இவ்வளவுதான்: விக்கிரகம் என்பது கானானியர், பெலிஸ்தர், பாபிலோனியர் சமாச்சாரம், இஸ்ரவேலர் அவ்வப்போது சறுக்குவார்கள், தீர்க்கதரிசி வந்து திட்டுவார், திருந்துவார்கள்.

அந்தக் கதை யூதாவின் (எருசலேமைத் தலைநகராகக் கொண்ட பழைய ராஜ்யம்) மண் பொம்மைகள் முன்னால் நின்றபோதே ஆட்டம் கண்டுவிட்டது. ஒரு சாண் உயரம்கூட இல்லாத பெண் உருவங்கள். கீழ்ப்பாதி வெறும் தூண், விழாமல் நிற்க அடியில் கொஞ்சம் விரிந்திருக்கிறது. மேலே இரண்டு கையாலும் மார்பைத் தாங்கிப் பிடித்தபடி ஒரு பெண். சிலதுக்கு அச்சில் எடுத்த முகமும் வரிசை வரிசையாகச் சுருட்டை முடியும் உண்டு, சிலதுக்கு முகமே கிடையாது, ஈர மண்ணை இரண்டு விரலால் கிள்ளி மூக்கு மாதிரி இழுத்துவிட்டதோடு சரி, பார்க்கப் பறவை மாதிரி இருக்கும். நம்மூர்ப் பிள்ளைகள் களிமண்ணில் செய்வதும் இப்படித்தான். ஆனால் காலத்தைப் பாருங்கள், கி.மு. 8, 7ஆம் நூற்றாண்டு, அதாவது தீர்க்கதரிசிகள் ஏசாயாவும் எரேமியாவும் தெருவில் நின்று கத்திக்கொண்டிருந்த காலம். இந்த மாதிரி ஆயிரத்துக்கும் மேல் கிடைத்திருக்கின்றன, அதில் பெரும் பங்கு எருசலேமிலேயே, அதுவும் குடியிருந்த வீடுகளில். கோயிலில் இருந்து நடந்துபோகிற தூரம்!

இது அசேரா தேவியா, பிரசவத்துக்கும் பால் சுரக்கவும் வைத்த காப்பா என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். வீட்டுப் பெண்கள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்திருந்த பொருள் என்றுதான் எனக்குப் பட்டது. யாக்கோபின் மனைவி ராகேல் அப்பாவின் சுரூபங்களை (வீட்டில் வைத்த சாமி உருவங்கள்) திருடி ஒட்டகச் சேணத்துக்கு அடியில் வைத்து மேலேயே உட்கார்ந்துகொண்டாளே, தாவீதைத் தப்பவிட அவர் மனைவி மீகாள் கட்டிலில் ஒரு சுரூபத்தைப் படுக்கவைத்து மூடினாளே, தாவீதின் வீட்டிலேயே அது எப்படி வந்தது என்று எந்தப் பிரசங்கியாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

அப்புறம் அந்தத் தோப்பு விஷயம். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் நல்ல ராஜாக்கள் எல்லாரும் தோப்புகளை வெட்டிப் போடுவார்கள். சின்ன வயதில் எனக்கு ஒரே வருத்தம், மாந்தோப்பு என்ன பாவம் செய்தது என்று. விஷயம் என்னவென்றால், எபிரெயத்தில் இருப்பது அசேரா என்கிற சொல். ஒரு தேவியின் பெயரும் அதுதான், அவளுக்காக நட்ட மரக்கம்பத்தின் பெயரும் அதுதான். கிரேக்க மொழிபெயர்ப்பில் அது தோப்பு ஆனது, அங்கிருந்து லத்தீன், ஆங்கிலம் என்று வந்து தமிழிலும் தோப்பாகவே நின்றுவிட்டது. எப்ரோன் பக்கம் கிர்பெத் எல்-கோம் என்ற இடத்துக் கல்லறையில் எடுத்த கல்வெட்டில், உரியாகு என்பவன் யாவேயாலும் (இஸ்ரவேலரின் கடவுள் பெயர்) அவருடைய அசேராவாலும் ஆசீர்வதிக்கப்பட்டான் என்ற பொருளில் இருக்கிறதாம். எழுத்துகள் கீறலோடு கீறலாகக் கிடப்பதால் ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக வாசிக்கிறார்கள். எனக்கு எழுத்து ஒன்றும் புரியவில்லை, ஆனால் அதன் கீழே ஆழமாகச் செதுக்கிய ஒரு கை, விரல்கள் கீழ்நோக்கி. அதை விட்டு நகர மனம் வரவில்லை.

இதற்கெல்லாம் மேலே என்று நான் சொல்வது ஆராத் கோயிலின் மகா பரிசுத்த ஸ்தலத்தை, அதாவது கோயிலின் உள்ளறையை. தெற்கே நெகேவ் பாலைவன ஓரத்தில் யூதா ராஜ்யத்தின் எல்லைக் கோட்டை, அதற்குள் ஒரு கோயில், 1960களில் தோண்டி எடுத்தது. அங்கே இப்போது இருப்பது பிரதி, அசல் கற்கள் இங்கேதான். வாசலில் பெரிதும் சிறிதுமாக இரண்டு தூபபீடம், உள்ளே தலை உருண்ட ஒரு நிமிர்ந்த கல். சிலை இல்லை, முகம் இல்லை, வெறும் கல். அந்தக் கல்லையும் நிறுத்தாதே என்கிறது உபாகமம், ஆனால் யாக்கோபு பெத்தேலில் நிறுத்தி எண்ணெய் வார்த்தது இப்படி ஒரு கல்லைத்தானே? பீடங்களின் மேல் கறுப்பாக ஒட்டியிருந்த படிவை ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள்: பெரியதில் விலங்குக் கொழுப்போடு சாம்பிராணி வகை, சிறியதில் சாணத்தோடு கஞ்சா. ஆமாம், கஞ்சாதான். இன்னொன்று, பீடங்களை யாரும் உடைக்கவில்லை, பக்கவாட்டில் படுக்கவைத்து மேலே மூடியிருந்தார்கள். விக்கிரகங்களையும் மேடைகளையும் அகற்றிய யூதா ராஜா எசேக்கியாவின் சீர்திருத்தம் என்று சிலர் சொல்கிறார்கள். மூடியவனுக்கும் உடைக்கக் கை வரவில்லை போல.

சமாரியா மலைப்பகுதியில் கிடைத்த வெண்கலக் காளையையும் தவறவிடாதீர்கள், கி.மு. 12ஆம் நூற்றாண்டு, 18 சென்டிமீட்டர் நீளம்தான், இஸ்ரவேல் ராஜா யெரொபெயாம் கும்பிட வைத்த பொன் கன்றுக்குட்டிகளைப் பற்றிப் படித்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். விளக்கப் பலகைகள் எபிரெயம், அரபி, ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழ் வேதாகமம் ஒன்றை போனில் வைத்துக்கொண்டு போனால் அங்கேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை சீக்கிரம் மூடிவிடுவார்கள், நேரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

கடைசியாகத்தான் சுருள் மண்டபம். 1947இல் கும்ரானில் கிடைத்த பெரிய ஏசாயா சுருள், ஏழு மீட்டருக்கு மேல் நீளம். நடுவில் வட்டமாக விரித்து வைத்திருப்பது பிரதிதான், இருந்தாலும் பரவாயில்லை. அங்கே ஓரமாக உட்கார்ந்து போனில் 44ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். தச்சன் மரத்தை வெட்டுகிறான், பாதியை எரித்துக் குளிர்காய்ந்து அப்பம் சுட்டு இறைச்சி பொரித்துத் தின்கிறான், மீதியில் ஒரு சாமி செய்து கும்பிடுகிறான் என்று ஏசாயா வாய்விட்டுக் கேலி செய்கிற இடம். படித்துக்கொண்டிருக்கும்போது தோள்பைக்குள் ஏதோ குத்தியது. பெத்லகேமில் பேரம் பேசி வாங்கிய ஒலிவமர யோசேப்பு, மரியாள், கூடவே ஒரு ஒட்டகம்.

மியூசியத்துக்கு ஐந்துக்கு ஐந்து. அதே ஒட்டகத்துக்கு இரண்டு தெரு தள்ளி இன்னொரு கடைக்காரன் பாதி விலை சொன்னான்.