நான்கு வருடமாக ஒரு டயர் கேஜும் ஒரு நோட்டும்

2021இல் காருக்காக, டயரின் காற்றழுத்தத்தை அளக்கும் ஒரு டிஜிட்டல் டயர் கேஜ் வாங்கினேன். உள்ளங்கையில் அடங்கும், அரை பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அலகு) வித்தியாசம் வரை காட்டும். அன்றிலிருந்து தேதி, நேரம், வெயில், நான்கு டயரின் அளவு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன்.

கருவியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பொத்தான் பேட்டரி இரண்டு முறை மாற்றினேன். வாய்ப்பகுதி ரப்பர் கொஞ்சம் தேய்ந்துவிட்டது. வால்வில் நேராக அழுத்தாவிட்டால் காற்று சீறும், அளவு குறைத்துக் காட்டும். மற்றபடி நம்பலாம். சொல்ல நிறைய இருப்பது அந்த நோட்டில்தான்.

வாங்கிய புதிதில் ஒரு மே மாத மதியம். நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்திப் பார்த்தால் 38. என் காருக்குச் சொல்லப்பட்ட அளவு 33. அதிகமாகிவிட்டதே என்று பயந்து நான்கிலும் காற்றைத் திறந்துவிட்டு 33க்குக் கொண்டுவந்தேன். மறுநாள் காலை பார்த்தால் எல்லாம் 28.5, 29! பஞ்சர் இல்லை, வால்வும் சரி.

பள்ளியில் கே-லுசாக் விதி என்று படித்ததுதான் இது. கன அளவு மாறாமல் அடைபட்ட வாயுவின் அழுத்தம், அதன் வெப்பநிலையோடு நேர்விகிதத்தில் ஏறும், இறங்கும். கே-லுசாக்குக்கு நூறு வருடம் முன்பே அதே பிரான்சில் அமான்டன்ஸ் என்ற விஞ்ஞானி, அடைத்த காற்றைக் குளிர்ந்த நீரின் சூட்டிலிருந்து கொதிநீரின் சூட்டுக்கு ஏற்றினால் அழுத்தம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுவதைக் கண்டிருந்தார். ரேடியல் டயர் அதிகம் உப்பாது. அதனால் அதையும் மாறாத கன அளவு என்றே கொள்ளலாம்.

கணக்குப் போடும்போது இரண்டு இடத்தில் தடுக்கும். வெப்பநிலையைக் கெல்வினில் எடுக்க வேண்டும். அப்புறம், கேஜ் காட்டுவது வெளிக்காற்றைவிட எவ்வளவு அதிகம் என்பதை மட்டுமே. அதனால் வளிமண்டலத்தின் 14.7ஐயும் கூட்ட வேண்டும். 33 என்றால் உள்ளே உண்மையில் 47.7. காலை 30 டிகிரி, அதாவது 303 கெல்வின். ஓடிய டயர் 60 டிகிரி என்றால் 333. 47.7ஐ 333ஆல் பெருக்கி 303ஆல் வகுத்தால் 52.4. அதில் 14.7 போக 37.7. கேஜ் அன்று சரியாகத்தான் காட்டியது, நான்தான் தேவையில்லாமல் காற்றை இறக்கினேன். காற்று குறைந்த டயர் அதிகம் மடங்கி இன்னும் சூடாகும், அதுதான் ஆபத்து. சுருக்கமாக, பத்து டிகிரிக்கு ஒன்றரை பி.எஸ்.ஐ. என்று வைத்துக்கொள்ளலாம்.

டிரைவர் பக்கக் கதவை ஒட்டி ஒட்டியிருக்கும் அட்டவணை குளிர்ந்த டயருக்கானது. குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற வண்டியில், வெயில் ஏறும் முன் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் வெயில் பட நிறுத்தினால் அந்த இரண்டு டயரும் ஒன்றரை கூடக் காட்டுவதை என் நோட்டில் பலமுறை எழுதியிருக்கிறேன்.

நைட்ரஜன் போட்டால் ஏறாது என்பார்கள். ஒரு வருடம் போட்டுப் பார்த்தேன், அதுவும் அப்படியே ஏறியது. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தானே. ஈரப்பதம் இல்லாதது ஒரு சின்ன நன்மை, அவ்வளவுதான்.

எனக்கு மிகவும் பிடித்த பக்கம் ஊட்டிப் பயணம். சென்னையில் காலை 33 வைத்துக் கிளம்பினேன். மறுநாள் விடியற்காலை ஊட்டியில் 12 டிகிரி குளிர். கணக்குப்படி சுமார் மூன்று பி.எஸ்.ஐ. இறங்கியிருக்க வேண்டும். கேஜ் 33.5 காட்டியது! கருவி பழுதோ என்றே நினைத்தேன். உட்கார்ந்து யோசித்த பிறகுதான் புரிந்தது. குளிரில் உள் அழுத்தம் 47.7இலிருந்து 44.9க்கு இறங்கியது உண்மை. ஆனால் 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் சுமார் 11.2தான். கழித்தால் 33.7. குளிர் குறைத்ததை உயரம் ஈடுகட்டிவிட்டது.

அங்கே காற்றைத் தொடவே இல்லை. சென்னை திரும்பி, இரவு முழுக்க நின்ற வண்டியில் காலை ஆறு மணிக்குப் பார்த்தேன். நான்கு டயரிலும் 33.