எச்சரிக்கை: பெட்டியில் ‘டிரை-ப்ளை’, உள்ளே வெறும் சாண்ட்விச் பாட்டம்

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருந்தவை நான்கு: டிரை-ப்ளை, 18/10 ஸ்டீல், 10 பீஸ் செட், எல்லா அடுப்புக்கும் ஏற்றது. விலை நடுத்தரம். அடிமட்டச் சரக்கு என்று சந்தேகப்படத் தோன்றாத விலை. திறந்து பார்த்தால் பாத்திரம் நான்குதான். மூடிகள் நான்கு, கரண்டிகள் இரண்டு. சுவர் ஒற்றைத் தகடு, விரலால் அழுத்தினால் வளைந்து கொடுத்தது. அடியில் மட்டும் ஒரு தட்டு ஒட்டியிருந்தது. புகாருக்கு விற்றவர் சொன்ன பதில்: “அடிப்பாகம் மூன்று அடுக்குதானே, டிரை-ப்ளை என்று போட்டதில் என்ன பொய்?”

அந்தப் பதிலில்தான் மொத்த வித்தையும் இருக்கிறது. டிரை-ப்ளை என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வது, ஸ்டீல், அலுமினியம், ஸ்டீல் என்ற மூன்று அடுக்கும் அடியிலிருந்து விளிம்பு வரை ஓடுகிற பாத்திரத்தை. தகடு மூன்று அடுக்காக ஒட்டப்பட்ட பிறகுதான் பாத்திர வடிவத்துக்கு அழுத்தப்படும். சாண்ட்விச் பாட்டம் வேறு. ஒற்றை ஸ்டீல் தகட்டில் பாத்திரத்தைச் செய்துவிட்டு, அடியில் ஒரு அலுமினிய வட்டை வைத்து, அதன்மேல் இன்னொரு ஸ்டீல் மூடியை அழுத்தி ஒட்டுவார்கள். அடியை மட்டும் எண்ணினால் அதுவும் மூன்று அடுக்குதான். ‘டிரை-ப்ளை பாட்டம்’, ‘டிரை-ப்ளை பேஸ்’, ‘5 அடுக்கு அடி’ என்று எங்கே பார்த்தாலும் இரண்டாவது வகை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சாண்ட்விச் பாட்டம் கெட்ட பாத்திரம் என்று யாரும் சொல்லவில்லை. தண்ணீர் கொதிக்கவைக்க, வேகவைக்க, நீர்த்த குழம்பு வகைகளுக்கு 5 மி.மீ.க்கு மேல் கனமான அடித்தட்டு அருமையாக உழைக்கும். செய்வதற்குச் செலவும் குறைவு. அதையே முழு டிரை-ப்ளை விலைக்கு விற்பதுதான் மோசடி.

சமையலில் என்ன வித்தியாசம் என்றால், ஸ்டீல் வெப்பத்தைக் கடத்துவதில் படுசோம்பேறி. பாத்திரங்களுக்கு வழக்கமாகப் பயன்படும் 304 ரக ஸ்டீலின் வெப்பக் கடத்துதிறன் சுமார் 15 என்றால், சுத்தமான அலுமினியத்துக்கு 200-க்கு மேல். நடுவில் அலுமினியம் இருக்கும் இடமெல்லாம் சூடு பரவும், இல்லாத இடத்தில் தேங்கும். 24 செ.மீ. வாணலியில் அடித்தட்டு 16, 17 செ.மீ.தான் இருக்கும். கேஸ் தீ அதைத் தாண்டி விரிந்தால், தட்டு முடிகிற இடத்தில் ஒற்றைத் தகட்டின் மேல் நேரடியாகப் படும். பால், மாவுக் கரைசல், கெட்டியான கலவை எதுவானாலும் சரியாக அந்த வட்டத்தில்தான் அடிப்பிடிக்கும். நடுவில் நிறம் மாறாமல், ஓரத்தில் மட்டும் மோதிரம் போலக் கருகினால் அது சமைப்பவர் தவறில்லை, தட்டின் அளவுத் தவறு.

கண்டுபிடிப்பது கடினமில்லை. பாத்திரத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். அடிக்குச் சற்று மேலே சுற்றிலும் ஒரு படியோ கோடோ தெரிந்தால் ஒட்டுத்தட்டு. முழு டிரை-ப்ளையில் வெளிச்சுவர் அடிவரை ஒரே வழவழப்பாக இறங்கும். சீவிவிட்ட விளிம்பானால் இரண்டு ஸ்டீல் கோடுகளுக்கு நடுவே மங்கலான அலுமினியக் கோடு தெரியும். விளிம்பு சுருட்டி மடிக்கப்பட்டிருந்தால் இந்தச் சோதனை பலிக்காது, அப்போது தராசுதான் துணை. 24 செ.மீ. வாணலி, 5 செ.மீ. உயரம், 2.5 மி.மீ. கனம் (ஸ்டீல் இரண்டும் சேர்ந்து 1, அலுமினியம் 1.5) என்றால் ஒரு சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 1.2 கிராம் வரும். பரப்பு 650 சதுர செ.மீ. போல. கைப்பிடி சேர்க்காமலே 780 கிராம் இருக்க வேண்டும். கைப்பிடியோடு சேர்த்தே 600 கிராம் காட்டுகிற வாணலிக்கு அந்தக் கனம் இருக்க வழியே இல்லை.

ஸ்டீல் ரகத்தில் ஏமாற்றுவது இன்னும் சுலபம், ஏனென்றால் 18/10 என்று முத்திரை குத்த ஒரு அச்சு போதும். அந்த எண்கள் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 10 சதவீதம் என்பதைக் குறிக்கும். 18/8, 18/10 இரண்டுமே நடைமுறையில் 304 ரகக் குடும்பம்தான், அந்த 2 சதவீதத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. கவலைப்பட வேண்டியது 201 ரகம். நிக்கலைப் பாதியாக்கி, அந்த இடத்தை மாங்கனீஸால் நிரப்பியது. மினுக்கில் குறையிருக்காது, ஆனால் உப்பும் புளிப்பும் பட்டால் சீக்கிரம் கறைபடும், புள்ளி விழும்.

காந்தம் ஒட்டவில்லை, ஆகவே நல்ல ஸ்டீல் என்ற பேச்சை நம்பாதீர்கள். 201-லும் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது. மறுபக்கம், அசல் 304 தகட்டையும் ஆழமாக இழுத்து வடிவமைத்தால் வளைவுகளில் லேசாக ஒட்டும். நிக்கலே இல்லாத 430 ரக ஸ்டீலில் காந்தம் நன்றாக ஒட்டும், இண்டக்‌ஷனுக்காக வெளி அடுக்கில் அதைத்தான் வேண்டுமென்றே வைக்கிறார்கள். மாங்கனீஸைக் காட்டும் சோதனைத் திரவம் ஒன்று, சின்ன பேட்டரியோடு கிடைக்கிறது. ஒரு சொட்டு விட்டு மின்சாரம் கொடுத்தால் 201-ல் சிவந்துவிடும். ஒரு துளி கறை மிஞ்சலாம், அதனால் உள்ளே வேண்டாம், வெளி ஓரத்தில் பாருங்கள்.

காந்தத்தால் ஆகிற உண்மையான வேலை இண்டக்‌ஷன் சோதனை. அடியின் நடுவிலிருந்து ஓரம் வரை நகர்த்துங்கள். நடுவில் மட்டும் ஒட்டினால் அந்த வட்டம் மட்டும்தான் சூடாகும். செட்டில் வருகிற குட்டி சாஸ்பேனின் அடி 12 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் பல இண்டக்‌ஷன் அடுப்புகள் பாத்திரம் இருப்பதையே உணராது. வெளியில் செம்பு நிறப் பூச்சு இருந்தால் அது அழகுக்கு. மைக்ரான் கணக்கிலான செம்பு எந்தச் சூட்டையும் பரப்பாது.

அளவிலும் கை வைப்பார்கள். 3 லிட்டர் என்பது விளிம்பு ததும்ப ஊற்றினால் வரும் அளவு, கொதிக்கவிட்டால் 2 லிட்டரைத் தாண்ட முடியாது. 24 செ.மீ. என்பது வாய் விட்டம். அடி விட்டத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கைப்பிடியில் ரிவெட் (சுவரைத் துளைத்து அறைந்த ஆணி) இருந்தால் உள்ளே குமிழைச் சுற்றி அழுக்கு சேரும், அது தொல்லை மட்டுமே. ஸ்பாட் வெல்டிங் செய்தது வழவழப்பாக இருக்கும், ஆனால் ஒற்றைத் தகட்டுச் சுவரில் இரண்டு மூன்று புள்ளிகளில் மட்டும் ஒட்டிய கைப்பிடி, நிறைந்த பெரிய பாத்திரத்தைத் தூக்கும்போது பிய்ந்து வந்தால் கொதிநீர் காலில்தான். பெரிய பாத்திரத்தில் மட்டுமாவது ரிவெட்டைத் தேடுங்கள்.

அடி சமமா என்று பார்க்க ஸ்டீல் ஸ்கேலை அடியின் குறுக்கே வையுங்கள். நடுவில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தால் நல்லது, சூடானதும் விரிந்து சமமாகும். ஸ்கேல் நடுவில் முட்டி, ஓரங்களில் ஆடினால் அடி புடைத்திருக்கிறது. தட்டையான அடுப்பில் அது பம்பரம்.

புகாராக எழுதக்கூடாதவையும் உண்டு, எழுதினால் உங்கள் நியாயமான புகாரும் அடிபடும். வானவில் நிறம் அதிகச் சூட்டில் தடித்த ஆக்சைடு படலம், வெள்ளைப் புள்ளி தண்ணீரின் சுண்ணாம்பு, இரண்டும் வினிகரில் போகும். புதுப் பாத்திரத்தில் வரும் கருப்பு மெருகுப்பசை, எண்ணெய் தொட்ட துணியால் துடைத்துச் சோப்பு போட்டால் தீரும். குளிர்ந்த தண்ணீரில் உப்பைக் கொட்டி அப்படியே விட்டால் அடியில் ஊசிக்குழிகள் விழும், இது 304-க்கும் நடக்கும். தண்ணீர் கொதித்தபின் உப்பு போட்டுக் கிளறுங்கள்.

உத்தரவாத அட்டையை வாங்கும் முன்பே படியுங்கள். ‘ஆயுள் உத்தரவாதம்’ என்ற தலைப்பின் கீழே நிறமாற்றம், நெளிவு, ‘தவறான பயன்பாடு’, ‘அதிகத் தீ’ எல்லாம் விலக்கு என்று இருக்கும். வெறும் பாத்திரத்தை அடுப்பில் மறந்து அடித்தட்டு கழன்றால் அது உங்கள் கணக்கு, அதில் வாதாட முடியாது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், கழன்ற தட்டின் இடுக்கிலிருந்து உருகிய உலோகம் ஒழுகவும் கூடும். அப்படி ஆனதைத் தூக்காமல் அடுப்பை அணைத்து, அதே இடத்தில் ஆறவிடுங்கள்.

செட் கைக்கு வந்ததும் கழுவாதீர்கள், ஸ்டிக்கரைக் கிழிக்காதீர்கள். பயன்படுத்திய பாத்திரத்தைத் திருப்பி எடுக்க மறுக்க அதுவே போதும். தராசு, ஸ்கேல், காந்தம், அடிக்கு மேலே தெரியும் கோடு என்ற தடயம் விடாத சோதனைகளை முதலில் முடியுங்கள். எடை தெரியும்படி, அடி தெரியும்படி, பெட்டி வாசகம் தெரியும்படி மூன்று படங்கள். புகாரில் “தரம் சரியில்லை” என்று எழுதினால் பதிலுக்கு வாக்குவாதம்தான் வரும். “டிரை-ப்ளை என்று விற்கப்பட்டது, சுவர் ஒற்றைத் தகடு, அடி ஒட்டுத்தட்டு, விவரத்துக்கு மாறான பொருள்” என்று எழுதி, படங்களை இணைத்து, திருப்பி அனுப்பும் கெடு முடியும் முன் அனுப்புங்கள்.