மண்டபமா, பல்கலைக்கழகமா, வெளிநாடா?

இராமநாதபுரம் கடற்கரையில் கடற்புல்லையும் பவளத்தையும் ஆய்ந்து முனைவர் பட்டம் முடிக்கும் இளைஞர்கள், மண்டபம் ஊரிலுள்ள மீன்வள ஆராய்ச்சி நிலையம், இங்குள்ள பல்கலைக்கழகம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என மூன்று வகைப் பணிக்கும் ஒரே தன்விவரக் குறிப்பை அனுப்பிவிட்டுக் காத்திருப்பதை ஆண்டுதோறும் வருத்தத்தோடு பார்க்கிறேன்.

உதவிப் பேராசிரியர் பணியில்தான் கணக்குப் பிழை மிகுதி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளில், பல்கலைக்கழக நேர்காணலுக்கு அழைப்பதற்கான மதிப்பெண் பட்டியல் முனைவர் பட்டத்துக்கு 30, முதுகலைக்கு அதிகபட்சம் 25, இளநிலைக்கு 15 என்று தருகிறது. ஆய்வுக் கட்டுரைக்குத் தலா 2 வீதம் 10 வரையே கிடைக்கும் என்பதால், ஆறாவது கட்டுரை அந்தப் பட்டியலில் எதையும் கூட்டாது. கல்லூரிகளுக்கான பட்டியலிலோ கட்டுரைகளுக்கு 6தான், இளநிலைக்கு 21. அழைப்பு வந்தபின் இந்த மதிப்பெண்கள் கழன்றுவிடும். தெரிவு நேர்காணலை மட்டுமே பொறுத்தது. ஆகவே ஐந்து நல்ல கட்டுரைகள் கையில் இருப்பவர், மிஞ்சிய மாதங்களை வகுப்பெடுத்துப் பழகுவதற்குச் செலவிடுவதே நல்லது.

பணியில் சேர்ந்தபின் வாரத்துக்கு 16 மணி நேர நேரடிக் கற்பித்தல் காத்திருக்கிறது. வாடைக் காற்று தொடங்கிவிட்டால் பாக் விரிகுடாப் பக்கம் நீர் கலங்கி, இலைகளை எண்ண வைக்கும் அரை மீட்டர் சதுரச் சட்டத்தைக் கடற்புல் மேல் வைத்தாலும் உள்ளே ஓர் இலையும் தெரியாது. நீர் தெளிந்திருக்கும் சில மாதங்களிலோ கால அட்டவணை நம்மைக் கரையிலேயே நிறுத்திவிடும்.

மண்டபத்தின் வழி வேறு. 1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் முன்பு இங்கேதான் இருந்தது. தலைமையகம் பின்னர் கொச்சிக்குப் போனாலும் மண்டல மையம் இங்கே இயங்குகிறது. படகும், குஞ்சு பொரிப்பகமும், தொழில்நுட்பப் பணியாளரும் உண்டு. கடல்விரால் குஞ்சு உற்பத்தி இங்கு கைகூடியதற்கு அவையெல்லாம் ஓரிடத்தில் இருந்ததும் காரணம் என்பது என் எண்ணம். ஆனால் விஞ்ஞானிகளை எடுப்பது வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியத்தின் எழுத்துத் தேர்வும் நேர்முகமும். தேர்வுக் கூடத்தில் உங்கள் கட்டுரைகள் உதவா. பாடம் முழுவதும் விரல்நுனியில் இருக்க வேண்டும். ஆய்வுக் கேள்வியை நிலையத்தின் திட்டம் தரும். பணியிடம் மண்டபமாகவே அமையும் என்ற உறுதியும் இல்லை. தொடக்க அடிப்படை ஊதியம் இரண்டு வழியிலும் 57,700 ரூபாய்தான் என்பதால், சம்பளத்தை வைத்து முடிவெடுக்க ஏதும் இல்லை.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே ஆய்வுத் திட்ட அறிக்கையும் பரிந்துரைக் கடிதங்களும்தான் உங்களைச் சுமக்கும். தொடக்க நிதி தாராளம். ஏறத்தாழ ஆறாம் ஆண்டில் நிரந்தரமா இல்லையா என்ற தீர்ப்பு வரும். இந்தக் கரையின் தொண்டிக் கடற்புல் அதற்குள் கைவிட்டுப் போகலாம்.

தேர்வு வாரியத்துக்கு வயது வரம்பு உண்டு. எனவே வயது இருக்கும்போதே அந்தத் தேர்வை முதலில் எழுதிவிடுங்கள் என்றே என் மாணவர்களுக்குச் சொல்கிறேன். நான் பல்கலைக்கழகத்தில் தங்கியதற்குக் காரணம் வேறு. ஒருநாள் முழங்கால் நீரில் சட்டத்துக்குள் இலைகளை எண்ணிக்கொண்டிருந்த முதுகலை மாணவி நிமிர்ந்து, “சார், இந்த இடத்துலதான் எங்க அப்பா நண்டு வலை விடுவாரு, புல்லு அடர்த்தியா இருந்தா நண்டு பெருசா இருக்கும்பாரு, அது நெசமா?” என்று கேட்டார். அடுத்த நான்கு ஆண்டுகள் நாங்கள் ஆய்ந்தது அந்தக் கேள்வியைத்தான்.