காரைக்குடியில் ‘போதை அடிமை’ ரத்தப் பரிசோதனை: ஒரு பயனாளியின் மதிப்புரை

காரைக்குடியில் எங்கள் குடும்பம் பல ஆண்டுகளாகச் சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் ரத்தம் கொடுத்துவரும் பரிசோதனைக் கூடம் ஒன்று, அண்மையில் ‘போதை அடிமைப் பரிசோதனை’ என்ற பெயரில் ஒரு பேக்கேஜைத் தொடங்கியிருக்கிறது. தேவகோட்டையில் இருக்கும் என் சித்தப்பா மகன், குடியை விட வேண்டும் என்று தானாகவே முடிவெடுத்து, “முதல்ல ரத்தத்தைப் பாத்துருவோம்ணே” என்று கேட்டதால், கடந்த மாதம் அவரை அங்கே அழைத்துச் சென்றேன்.

ரத்தம் எடுத்த விதத்தில் குறையில்லை. ஒரே குத்தலில் எடுத்து, குழாய்களில் அவர் கண்முன்னேயே பெயர் ஒட்டினார்கள். ஆனால் முகப்பில் இருந்தவர், காத்திருந்த அத்தனை பேர் முன்னிலையிலும் பேக்கேஜின் பெயரை உரக்கச் சொல்லிப் பணம் கேட்டது பெரிய தவறு. ஒருவருக்கொருவர் உறவாகவே இருக்கும் ஊரில், தம்பி தலைகுனிந்து நின்றதை நான் மறக்கவில்லை.

அறிக்கையில் கல்லீரலின் நிலையைக் காட்டும் நொதிகளான ஜி.ஜி.டி., எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., ரத்தச் சிவப்பணுவின் சராசரி அளவைக் காட்டும் எம்.சி.வி., வெளியூருக்கு அனுப்பிப் பார்த்த சி.டி.டி. என்ற ரத்தப் புரதம் ஆகியவை இருந்தன. இவை பயனற்றவை அல்ல. தொடர்ந்து மிகுதியாகக் குடிப்பவருக்கு ஜி.ஜி.டி. ஏறும், நிறுத்தினால் சில வாரங்களில் இறங்கும். சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் என்பதால் எம்.சி.வி. இயல்புக்குத் திரும்பச் சில மாதங்கள் ஆகும். சி.டி.டி. ஏறுவதற்கு, நாளொன்றுக்கு 50 முதல் 60 கிராம் வரையோ அதற்கு மேலோ ஆல்கஹால் இரண்டு வாரமாவது உள்ளே போயிருக்க வேண்டும். ஆயினும் வாழ்நாளில் குடித்தே அறியாத எனக்கும் ஜி.ஜி.டி. கூடுதலாகத்தான் இருக்கிறது, சர்க்கரையும் கல்லீரல் கொழுப்பும் அதற்குப் போதும். அதேபோல் பி12 குறைந்தாலும் எம்.சி.வி. ஏறும். உடலில் ஆல்கஹால் இருந்தால் மட்டுமே உருவாவதும், இரண்டு முதல் நான்கு வாரம் வரை ரத்தத்தில் தென்படுவதுமான பாஸ்பாடிடைல் எத்தனால், இவற்றைவிடத் தெளிவான அடையாளம். அது இந்தப் பேக்கேஜில் இல்லை.

போதை என்று பொதுவாகப் பெயர் வைத்துவிட்டு, கஞ்சாவுக்கோ வலி மாத்திரைகளுக்கோ ஒரு சோதனையும் வைக்கவில்லை என்பதையும் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டும். அவற்றுக்குப் பெரும்பாலும் சிறுநீரைத்தான் பார்ப்பார்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தந்தது அறிக்கையின் கடைசி வரி: “அடிமைத்தனம்: பாசிட்டிவ்.” எந்த ரத்தமும் இதைச் சொல்லாது. எவ்வளவு குடித்தார், உடல் எவ்வளவு பாதிக்கப்பட்டது என்பதற்குக் குறிப்புக் கிடைக்கலாம். குடியைக் கட்டுப்படுத்த முடியாமல் போய்விட்டதா, வேலையும் வீடும் கெட்ட பிறகும் தொடர்கிறாரா என்பதைக் கேட்டுத்தான் அறிய முடியும். மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டி.எஸ்.எம்.-5 வரையறையில் உள்ள 11 அளவுகோல்களில் ஒன்றுகூட ரத்தப் பரிசோதனை அல்ல.

அந்த வரியைப் படித்த தம்பி, அன்றிரவே அடியோடு நிறுத்திவிடுவதாகச் சொன்னார். அவரோ பல ஆண்டுகளாக அன்றாடம் குடித்து வந்தவர். அப்படிப்பட்டவர் மருத்துவக் கண்காணிப்பின்றித் திடீரென நிறுத்தினால், முதல் இரண்டு மூன்று நாளில் வலிப்பும், நடுக்கத்தோடு கூடிய மனக்குழப்பமும் வரக்கூடும், உயிருக்கே ஆபத்தாகலாம். நல்லவேளையாகச் சித்தி தடுத்துவிட்டார். ‘அடிமை’ என்று அச்சிட இடமிருந்த தாளில், “மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்” என்ற ஒரு வரிக்கும் 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணுக்கும் இடமில்லாமல் போனதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மறுநாள் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்த்தோம். அவர் அறிக்கையை ஒருமுறை புரட்டிவிட்டு, தம்பியிடம் நெடுநேரம் பேசினார்; தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டு, உள்நோயாளியாகச் சேர்த்துக்கொண்டார். ரத்த எண்களைத் தீர்ப்பாக அல்லாமல், குடியை விட்ட பின் கல்லீரல் தேறுவதைத் தம்பிக்கே காட்டுவதற்காக வைத்துக்கொள்வதாகச் சொன்னார்.

அடுத்த மாதம் ஜி.ஜி.டி. மட்டும் பார்ப்பதற்கு அதே கூடத்துக்குத்தான் போகப்போகிறோம். ரத்தம் எடுப்பவரின் கை அவ்வளவு நேர்த்தி. இந்தப் பேக்கேஜை மட்டும், அந்தக் கடைசி வரியை நீக்கும்வரை, யாரும் வாங்க வேண்டாம்.